ஐம்பத்தெட்டாம் கேள்வி

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சல்லடை அக்கா. கல்லூரி நுழைவுத் தேர்வு நடத்தும் அலுவலகம் எங்களுடையது. விடைத்தாள்களை மெஷின் திருத்தும். அந்த மெஷினைச் சந்தேகப்படுவது அக்காவின் வேலை. நான் எதிர் மேசைக்காரன்.

அவர் சேர்ந்த புதிதில் ஆசிரியர்கள்தான் கையால் திருத்தினார்கள். ஒருமுறை ஒரே தாளுக்கு ஒருவர் முப்பத்தெட்டு போட்டார், இன்னொருவர் எழுபத்தொன்று. அந்தக் கூத்துக்குப் பிறகுதான் வட்டத்தை நிரப்பும் தாளும் மெஷினும் வந்தன. "மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாதுதான் தம்பி. ஆனா நாம சரின்னு சொல்லிக் குடுத்ததைத்தானே அதுவும் சரிங்கும்?" என்பார் அக்கா.

அதனால் ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் முதல் நூறு பேரையும் கடைசி நூறு பேரையும் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியையும் எந்த நூறில் எத்தனை பேர் சரியாகப் போட்டார்கள் என்று எண்ணுவார். நன்றாகப் படித்தவர்கள் தடுக்கி விழுந்து, படிக்காதவர்கள் தாண்டிப் போன கேள்வி என்றால் கோளாறு பிள்ளைகளிடம் இல்லை. இந்தப் பொறுமை வேறு யாருக்கும் கிடையாது. எனக்கு நிச்சயமாகக் கிடையாது.

ஒரு வருடம் அவர் மகளே தேர்வு எழுதினாள். விதிப்படி அக்காவை வேறு பிரிவுக்குத் தள்ளி வைத்தார்கள். யாரும் எண்ணாமலேயே முடிவு வெளியானது. மகள் ஆசைப்பட்ட கல்லூரியில் கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது. திரும்பி வந்த அக்கா எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு, கை சும்மா இருக்காமல் எண்ண உட்கார்ந்தார்.

ஐம்பத்தெட்டாம் கேள்வியில் இடித்தது. முதல் நூறில் பதினோரு பேர் சரி. கடைசி நூறில் நாற்பத்து மூன்று பேர். மெஷினுக்கு இரண்டாவது விடைதான் சரி என்று கொடுத்திருந்தார்கள். அக்கா அந்தக் கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். தேர்வு நாளன்றே மகளிடம் கேள்வி கேள்வியாக விசாரித்திருந்தார். அவளும் இரண்டைத்தான் நிரப்பியிருந்தாள்.

"தம்பி, இந்தக் கணக்கை நீயும் ஒரு தடவை போட்டுப் பாரேன்."

இரண்டு வந்துவிடாதா என்று மூன்று தடவை போட்டேன். பாழாய்ப்போன கணக்கு, ஒவ்வொரு தடவையும் மூன்றாவது விடையில்தான் போய் நின்றது.

"அக்கா, ஒருத்தரும் புகார் குடுக்கல. சும்மா கெடக்குற சங்கை ஏன் ஊதிக் கெடுக்கணும்?"

"பட்டியல்ல வராத பிள்ளைக்குப் புகார் குடுக்கணும்னே தெரியாதே தம்பி."

அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். புதுப் பட்டியலில் மகளின் எண் இல்லை.

ஒன்பது நாள் அவள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்தாம் நாள் அக்காவின் சாப்பாட்டுப் பையில் ஒரு சீட்டு இருந்தது. அதே கணக்கை, மூன்றாவது விடை வரும்வரை போட்டிருந்தாள். கீழே ஒரு வரி: "அடுத்த வருஷம் மறுபடியும் எழுதுறேன். உன்னைத் தள்ளி வெச்சிடுவாங்க. எண்ணுறதுக்கு ஒரு ஆளைப் பிடி."

அக்கா அழுதார், சிரித்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அடுத்த வருடம் முடிவு வெளியாகும் முன் நானே உட்கார்ந்து எண்ணினேன். எல்லாக் கேள்வியும் தேறியது. அதன் பிறகுதான் பட்டியலைப் பார்த்தேன். மகளுக்கு இருபத்து மூன்றாம் இடம். வெளியானதும் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"எண்ணிட்டியா?"

"ரெண்டு தடவை."

அப்புறம்தான் மிட்டாய் வாங்கப் போனார்.