கஞ்சி போட்ட சட்டை

கஞ்சி அண்ணனுக்கு ஒட்டுவாரொட்டித் தோல்நோய் வந்திருப்பதாக டிரைவர் என்னிடம் சொன்னார். அவருக்குச் சொன்னது, அண்ணன் வேலை பார்க்கும் சலவைக்கடையில் துணி மடிப்பவர். அவரும் கண்ணால் பார்க்கவில்லையாம், கேள்விப்பட்டதுதானாம்.

நானும் டிரைவரும் அண்ணனும் ஒரே அறை. அண்ணனுக்குக் கடையில் இஸ்திரி வேலை. குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம், மகள் கல்லூரியில். தன் சட்டைகளுக்கு மட்டும் தனியாகக் கஞ்சி காய்ச்சுவார். கழற்றி வைத்தால் சட்டை தானே எழுந்து நிற்கும் என்பது டிரைவரின் கேலி.

ஓரக்கண்ணால் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி ரவை தூவியதுபோலச் சிவப்புப் பருக்கள். என் துண்டை ஜன்னல் பக்கம் மாற்றினேன். டிரைவர் சோப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அண்ணனுக்கோ எல்லார் மேலும் சந்தேகம்.

"எவனோ என் சட்டையில சோடாத்தூளப் போட்டிருக்கான். நான் துவைக்கிறப்ப அந்த மடிக்கிறவன் பக்கத்துலயே நிக்கிறான், பாரு."

பேச்சு முதலாளி காதுக்குப் போனது. "சரியாகுற வரைக்கும் வராதீங்க, நானே கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டார். வேலை போனால் விசாவும் போய்விடும். அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

அவருக்கு இந்த ஊர் மொழி அரைகுறை. அதனால் மருத்துவரிடம் நான் கூடப் போனேன். காத்திருக்கும்போது ஒரு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா கழுத்தையும் இடுப்பையும் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். பிறகு அண்ணனின் காலரை நகத்தால் தட்டினார். டக்கென்று சத்தம் வந்தது.

"இது சட்டையா அட்டையான்னு கேக்குறாங்க" என்றேன். எதுகை மட்டும் என் உபயம்.

"நோயி என்னன்னு கேளு."

"வெறும் வேர்க்குருதாண்ணே. வேர்வை வெளிய வர வழி அடைச்சுப்போய்த் தோலுக்குள்ளயே நிக்குதாம். யாருக்கும் ஒட்டாது. இஸ்திரிச் சூடு ஒரு பக்கம், காத்தே புகாத இந்த விறைப்புத் துணி ஒரு பக்கம்."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்க சொன்னதா, நீ சேத்ததா? என் கஞ்சியக் குறை சொல்ல அந்த டிரைவர் சொல்லிக்குடுத்தானா?"

டாக்டரம்மா சொன்ன வைத்தியம்: தொளதொளப்பான பருத்திச் சட்டை. குளிர்ந்த நீரில் குளியல், தேய்க்காமல் ஒற்றித் துடைப்பது. களிம்பையோ பவுடரையோ அப்பக் கூடாது, சொறியக் கூடாது. சீழோ காய்ச்சலோ வந்தால் உடனே வரவேண்டும். ஒவ்வொன்றையும் அண்ணன் என்னை இரண்டு முறை சொல்லவைத்தார்.

மறுநாள் கசங்கிய சட்டையில் வந்து நின்றவரைப் பார்த்து டிரைவர், "யாருங்க நீங்க? எங்க கஞ்சி அண்ணனப் பாத்தீங்களா?" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. அந்த வாரத்திலேயே பருக்கள் வாடி உதிர்ந்தன. டிரைவர் வெயிலில் நிறுத்திப் பார்த்துத் தலையாட்டினார். சோப்பு மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

முதலாளி கூப்பிடவே இல்லை. இன்று மதியம் அண்ணனே முதலாளிக்குப் போன் போட்டார்.

"ஸ்பீக்கர்ல போடுறேன், நீயும் கேளு. என் இஸ்திரி மேசையில இப்ப அந்த மடிக்கிறவன்தான் நிக்கிறானாம். புரளியக் கெளப்பினது யாருன்னு இப்பவாவது புரியுதா?"

"அதுவும் கேள்விப்பட்டதுதானேண்ணே?"

அவர் பழக்கதோஷத்தில் கழுத்துப் பொத்தானைப் போட்டார், நினைவு வந்து கழற்றினார். கட்டில்மேல் போனில் மணி போய்க்கொண்டே இருந்தது.