சம்சாரம்

அப்பாவைப் பார்த்துக்கொள்ள கம்பம்மெட்டுக்கு வந்த நான்காவது ஹோம் நர்ஸ் அவர். ஒல்லியான மலையாளிப் பெண். வீட்டுக்குள்ளும் மப்ளரை அவிழ்க்கமாட்டார்.

மாத்திரை, குளியல், சாப்பாடு எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டிருந்தேன். மாலைக்கு மட்டும் வழி தெரியவில்லை. மறதி நோயால், அம்மா இறந்ததே அப்பாவுக்கு மறந்துவிட்டது. இருட்டத் தொடங்கியதும் வாசல் கதவை உலுக்குவார். "என் சம்சாரம் எங்க? இன்னும் காணலியே!"

முன்பு வந்த மூவரும் உண்மையைச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா அன்றுதான் இறந்ததுபோல் அப்பா அழுதார்.

இவரோ முதல் நாளே கதவருகே நாற்காலி போட்டார். "சம்சாரமா? வா அப்பச்சா, இருந்து சம்சாரிக்காம்."

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. மழை, ஏலக்காய், அட்டைக்கடி என்று அவர் பேசப் பேச அப்பாவின் கை கதவை விட்டது. பிறகு தினமும் அதே நாற்காலி, அதே வார்த்தை.

தன் மகளின் பிரசவத்துக்காக அவர் வேலையை விட்டுக் கிளம்பியபோதுதான் சொன்னேன். "சேச்சி, தமிழ்ல சம்சாரம்னா பொண்டாட்டி."

"அது அறியாம் மோளே. என்றெ கெட்டியோன் போடிக்காரன் அல்லே?" என்று சிரித்தார். புருஷன் போடித் தமிழர்; அர்த்தம் அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

அன்று மாலை நானே நாற்காலியைப் போட்டேன். "வாங்கப்பா, சம்சாரிக்கலாம்."

அப்பா உட்காரவில்லை. கதவை உலுக்கினார்.

"அந்த மப்ளர்காரி எங்க? இன்னும் காணலியே!"

நானும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.