ஹாலுக்கு வந்த கடல்

என் அக்கா புருஷன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். ராத்திரி ஷிஃப்ட். விடிந்ததும் வீட்டுக்கு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். சாயந்திரம் எழுந்து, கிடந்த அலுப்போடு மறுபடி வேலைக்குப் போவார். இந்த மனிதருக்குத் தூக்கம் எப்போது விட்டுப்போனது என்று எங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. "ஏதாவது பார்க்கக் கூடாததைப் பார்த்துட்டீங்களா அத்தான்?" என்று ஒருநாள் கேட்டேன். "தினமும்தான் பாக்குறேன், ரேடியோ. அதுல எதைன்னு சொல்ல?" என்றார். ரேடியோ என்பது நான். எனக்கு வாய் ஓயாதாம்.

கட்டினவனோடு ஒத்துப்போகாமல், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்தவள் நான். இன்னும் போனபாடில்லை. கூரியர் ஆபீஸ் கவுன்ட்டரில் காலையில் நின்றுவிட்டு மதியம் திரும்பினால், வீட்டுக்குள் செருப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அக்கா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். அத்தான் தூங்கட்டும் என்று பகலில் மெஷினை மிதிப்பதையே விட்டுவிட்டாள். அவர் கிளம்பிப் போன பிறகுதான் உட்காருவாள், இடுப்பு விட்டுப்போகும்வரை மிதிப்பாள். வராத தூக்கத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்காகப் பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தோம்.

போதாக்குறைக்குப் போன் வேறு. எந்த டிரைவர் மட்டம் போட்டாலும் கன்ட்ரோல் ரூமில் இருந்து பட்டப்பகலில் இங்கேதான் கூப்பிடுவார்கள். "சார் முழிச்சிருக்காரா?" என்பார்கள். "முழிச்சுதான் இருக்காரு, இருங்க குடுக்கிறேன்" என்று அக்கா போனைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தூங்குறாருன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் வெந்துடுமாக்கா?"

"முழிச்சுட்டுக் கிடக்கிற மனுஷனைப் போய் எப்படிடி தூங்குறாருன்னு சொல்றது?" என்பாள். பொய் சொல்லத் துப்பில்லாத ஜென்மம்.

அப்புறம்தான் அது நடந்தது. வண்டியில் நோயாளி இருக்கும்போதே அத்தானுக்குக் கண் சொருகிவிட்டது. திறந்த கண், ஆனால் பார்வை இல்லை. பின்னால் இருந்த நர்ஸ் போட்ட அலறலில் ஸ்டியரிங்கைத் திருப்பினார். தடுப்புச் சுவரில் லேசாக உரசியதோடு போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆபீஸில் அவரே போய் நடந்ததைச் சொன்னார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "வேலை போனாப் போகுது. பின்னாடி ஒரு ஆள் படுத்திருந்தாரு. என்னை நம்பிப் படுத்திருந்தாரு" என்றார். அக்கா அவர் காலடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

டாக்டரிடம் போனார். மாத்திரை போட்டால் வண்டி ஓட்டக் கூடாது, வண்டி ஓட்டினால் மாத்திரை போடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். இதைச் சொல்ல ஒரு டாக்டர்! ஆனால் அத்தான் திரும்பி வந்தபோது முகத்தில் ஏதோ ஒரு தெளிவு. காத்திருக்கும் இடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்ததாம். கடல் தண்ணீர், பாறை, ஆரஞ்சு மீன்கள், காற்றே இல்லாமல் ஆடுகிற ஏதோ ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் தலை சாய்ந்து தூங்கிப்போய், டோக்கன் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லையாம்.

"பொட்டுத் தூக்கம்தான். ஆனா தூக்கம்" என்றார். "நம்ம வீட்டுல ஒண்ணு வைக்கணும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

மீன் கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் பொறுமை. எதைக் கேட்டாலும் "பொறுமை சார், பொறுமை" என்பார். முதல்முறை வைக்கிறீர்கள், நல்ல தண்ணீர் மீன் வளருங்கள், கடல் தொட்டி கஷ்டம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அத்தான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அந்த ஆடுற செடிதான் வேணும்" என்றார். "அது செடி இல்ல சார், உயிரு. பவளம்" என்றார் பொறுமை. அதற்கு அத்தான் இன்னும் பிடிவாதமாகிவிட்டார்.

தொட்டி வந்தது. அக்காவின் தையல் மெஷின் ஹாலை விட்டுப் படுக்கை அறைக்குப் போனது. பெரிய பாறைகளைக் கண்ணாடித் தரையில் ஆடாமல் உட்காரவைத்து, அப்புறம் மணலைக் கொட்டினார்கள். சுத்திகரித்த தண்ணீரை வாளி வாளியாக வைத்து, பாக்கெட் உப்பைக் கலக்கி, அளவு பார்த்து ஊற்றினார் அத்தான். அலை அடிக்க ஒரு மோட்டார், சூடு காட்ட ஒரு ஹீட்டர். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் மீன் கிடையாது.

"தண்ணி பழகணும் சார்" என்று சொல்லிவிட்டார் பொறுமை. பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகி, தண்ணீரில் சேருகிற விஷத்தைத் தின்னப் பழகும்வரை உயிர் எதையும் விடக் கூடாதாம். அத்தான் தினமும் குப்பியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார். பச்சையாக வந்தால் விஷம். பச்சையாகவே வந்தது. பாறை மேல் பழுப்பாக ஏதோ படர்ந்தது. தொட்டி விளிம்பில் உப்புப் பூத்து, தரையெல்லாம் பிசுபிசுத்தது.

"மீனே இல்லாத மீன் தொட்டியை நான் இங்கதான் பாக்குறேன்" என்று அக்கா துடைத்துக்கொண்டே சொல்வாள். அத்தான் வெறும் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தூக்கம் மட்டும் வரவில்லை.

குப்பியில் ஒருவழியாக மஞ்சள் காட்டிய அன்று, கையோடு கடைக்குப் போனார். வாசலில் அவர் ஸ்கூட்டர் வந்து நின்ற வேகத்தைப் பார்த்து நான் பயந்தே போனேன். பிளாஸ்டிக் பையில் ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. கதவு, ஹால், தொட்டி, பையைக் கவிழ்த்தார், முடிந்தது. கையைத் தட்டிக்கொண்டு, "ஒப்படைச்சாச்சு!" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியை இறக்கிவிட்டு வயர்லெஸில் சொல்கிற வார்த்தை அது. எத்தனை வருஷப் பழக்கம்! உயிர் ஒன்று கையில் இருந்தால் அது சேர வேண்டிய இடத்துக்கு ஒரு நொடிகூடப் பிந்தாமல் சேர வேண்டும். அவருக்குத் தெரிந்தது அதுதான்.

மீன் மறுநாளே மணலில் கிடந்தது.

"எங்க கடையில உப்பு கம்மியா வச்சிருப்போம் சார். உங்க தண்ணியில ஜாஸ்தி. திடீர்னு மாத்தினா தாங்காது" என்றார் பொறுமை. "கொஞ்சம் கொஞ்சமா உங்க தண்ணியைச் சேர்த்து, பழக்கித்தான் விடணும். கிளம்பும்போது சொல்ல வந்தேன், நீங்க ஸ்கூட்டரை எடுத்துட்டீங்க."

அன்றைக்கு அக்கா வெடித்தாள். "போதும்! இடுப்பு ஒடியத் துடைக்கிறேன், மெஷினைப் போட இடமில்ல, உங்களுக்குத் தூக்கமும் இல்ல. தூக்கிப் போடுங்க இதை!" அத்தான் மெதுவாக, "வேகமாத்தானே கொண்டுவந்தேன்" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி அவர் அதைச் சொன்னதும் அக்காவுக்கு மேற்கொண்டு கத்த முடியவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களோடு சண்டை போட்டாள்.

மீன் இப்போது வேண்டாம் என்று, சின்னக் கல்லில் ஒட்டிய மெத்தென்ற பவளம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார் பொறுமை. அது வந்த நாளிலிருந்து மூடிக்கொண்டு கிடந்தது. போயிற்று இதுவும் என்று நான் உச்சுக் கொட்டினேன். ஒருநாள் மதியம் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, வந்து பாரு. விரல் விரலா விரிச்சிருக்கு!" அவள் குரலில் இருந்த குதூகலத்தைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! படுக்கையில் முழித்துக் கிடந்த அத்தானும் எழுந்து வந்தார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து அது ஆடுவதைப் பார்த்தோம்.

அடுத்த முறை மீன் வாங்கப் போனபோது அக்காவும் கூடப் போனாள். "மெதுவா ஓட்டுங்க" என்று வழியெல்லாம் சொன்னாளாம். இந்தத் தடவை ஒரு ஜோடி. மீன்களை அவற்றின் தண்ணீரோடு வாளியில் விட்டார் அத்தான். பிறகு பையிலிருந்து ஒரு குளுக்கோஸ் குழாய் எடுத்தார். புதுசு, மருந்துக் கடையில் வாங்கியது. ஒரு முனையைத் தொட்டிக்குள் போட்டு, மறுமுனையை வாளி விளிம்பில் கட்டி, நடுவில் இருக்கிற சின்னச் சக்கரத்தை உருட்டினார். தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாளியில் விழுந்தது.

"இது ஏறுற ஆளைத் தூக்கிட்டு எவ்வளவு வேகமாப் போயிருக்கேன் தெரியுமா ரேடியோ" என்றார். "சொட்டை ஒருநாளும் உட்கார்ந்து பாத்ததில்ல."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொட்டைப் பார்த்தார். நான் சமையலறையில் அக்காவோடு ஏதோ வம்பளந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தலை தொங்கிவிட்டது. வாய் லேசாகத் திறந்து, ஒரு குறட்டை. அட ஆண்டவனே, குறட்டை! நான் ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வாளி நிறைந்துகொண்டிருந்தது. எழுப்பவா என்று சைகையில் கேட்டேன். கொன்றுவிடுவேன் என்று சைகையிலேயே சொன்னாள். மண்டியிட்டு, அந்தச் சக்கரத்தை உருட்டிச் சொட்டை நிறுத்தினாள். கடைத் தண்ணீர் தொட்டியில் விழக் கூடாது என்று அத்தான் சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். அதனால் கையை நனைத்துக்கொண்டு, ஒவ்வொரு மீனாக உள்ளங்கையில் ஏந்தி, தொட்டிக்குள் இறக்கி விரலை விரித்தாள். ரெண்டும் பாறையோரமாகப் போய் நின்று எங்களைப் பார்த்தன. "ஒப்படைச்சாச்சு" என்று நான் கிசுகிசுத்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

அப்போது பார்த்தா அந்தப் பாழாய்ப்போன போன் அதிர வேண்டும்! ஈரக் கையோடு அதைப் பறித்துக்கொண்டு அக்கா சமையலறைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"சார் முழிச்சிருக்காரா?"

அக்கா ஹால் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"இல்லங்க. தூங்குறாரு."

"யாரு, நம்ம சாரா?" என்று கேட்டார்கள்.

"ஆமாங்க, அவருதான். தூங்குறாரு" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"பொய் இல்லடி," என்றாள். "நிஜமாத்தான் சொன்னேன்."