எல்லாருக்கும் தலைவர் முகம்

அட்டை முகமூடியின் உள்பக்கத்தில் பசை வாசனை அடித்தது. வெயிலில் நின்று மூச்சு விட விட, மூக்குக்குக் கீழே அட்டை நமுத்துப்போய் உதட்டில் ஒட்டிக்கொண்டு, ஊறவைத்த காகிதத்தை மென்றது போன்ற ஒரு ருசியைக் கொடுத்தது. கண்களுக்கு இரண்டு ஓட்டை. ஏழாம் வகுப்பு படிக்கும்போது நான் போன ஒரே தேர்தல் பிரசாரக் கூட்டத்தை நினைத்தால், மேடை ஞாபகத்துக்கு வருவதற்கு முன்னால் இந்த ருசிதான் வருகிறது.

அப்போது நாங்கள் மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய புறம்போக்கில் தார்ப்பாய் போட்ட குடிசையில் இருந்தோம். அப்பா இல்லை. அம்மா அளத்தில் உப்பு சுமந்தாள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டுச் சும்மாடு, அதன்மேல் கூடை என்று வரப்பில் வரிசையாக வரும் பெண்களில் யார் இன்னார் என்று வெளியூர்க்காரர்களால் சொல்ல முடியாது. நான் சொல்லிவிடுவேன். அம்மா இடது காலைச் சற்று இழுத்து வைப்பாள். எவ்வளவு தொலைவில் வந்தாலும் நடையை வைத்தே அவளைக் கண்டுபிடித்துவிடுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தப் பங்குனியில் எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயில் "லிஸ்ட்" என்ற ஒரே சொல்தான் இருந்தது. புறம்போக்கில் இருப்பவர்களுக்கு மனைப் பட்டா தரப்போகிறார்களாம். பெயர்கள் மகளிர் குழுவை நடத்திவந்த சுகுணா அக்காவின் நோட்டில் இருக்கின்றனவாம். முந்தின கார்த்திகைப் புயலில் எங்கள் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறந்து, அனுமந்தைப் பக்கம் சவுக்குத் தோப்பில் போய்க் கிடந்தது. அம்மாவும் நானும் பள்ளிக்கூட வராந்தாவில் ஐந்து நாள் படுத்திருந்தோம். அதனால் அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா எழுந்து நிற்பாள். கூட்டத்துக்கு வருகிறவர்களின் பெயர்தான் லிஸ்ட்டில் நிற்கும் என்று சுகுணா அக்கா சொன்னதும், கூட்டம் சனிக்கிழமை என்பதால் அம்மா என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டாள்.

உப்பு அள்ளி முடித்துக் காய்ந்து கிடந்த பெரிய திடலில் மேடை போட்டிருந்தார்கள். பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நிறச் சேலையை முதல்நாளே கொடுத்திருந்தார்கள். திடலில் இறங்கியதும் ஆளுக்கொரு முகமூடி கொடுத்தார்கள். தலைவர் சிரிக்கும் படம், காதுக்கு ரப்பர் மாட்டியது. இரண்டு மணிக்கு வரவேண்டிய தலைவர் நாலு மணிக்கும் வரவில்லை. நாக்கு வறண்டு, தண்ணீர் லாரியைத் தேடிப்போனேன். போன இடத்தில் தள்ளுமுள்ளு. குடித்துவிட்டுத் திரும்ப அரைமணி நேரம் ஆகிவிட்டது.

திரும்பிவந்தபோது ஒரு பையன் டிரோனைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். வெள்ளைத் தரையில் பெண்களை நேர்நேராக வரிசை கட்டி நிறுத்தியிருந்தார்கள். சுகுணா அக்கா நோட்டோடு நடுவில் நடந்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள்:

"யாரும் முகமூடியத் தூக்காதீங்க. அசையாதீங்க, பேசாதீங்க. மேல கேமரா பாத்துக்கினே இருக்குது. எவ கழட்டுறாளோ அவ பேர அடிச்சுடுவேன். அப்புறம் என்னாண்ட வந்து அழக் கூடாது."

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றுபோனது. அதுவரை காதைப் பிளந்துகொண்டிருந்த பாட்டு பாதியில் அறுந்தது. அவ்வளவு பேர் நின்ற இடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. கடல் காற்றில் நூற்றுக்கணக்கான அட்டைகள் படபடத்தன. மேலே டிரோன் வண்டு மாதிரி இரைந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே நெற்றி, அதே மீசை, அதே பல்வரிசை. காலையில் என்னோடு வேனில் வந்து, பக்கத்தில் உட்காரவைத்துப் பொரி கொடுத்த பெண்கள்தான் அவர்கள். எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்களில் ஒருத்தியையும் எனக்குத் தெரியவில்லை. நடந்தால்தானே நடையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும்?

என் முகமூடியை நான் கழற்றிவிட்டேன். என் பெயர்தான் எந்த லிஸ்ட்டிலும் இல்லையே. "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே வரிசைக்குள் போனேன். முகங்கள் திரும்பவில்லை. ஓட்டைகளுக்குள் இருந்த கண்கள் மட்டும் என்னோடு கூடவே நகர்ந்தன. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை, பிறகு மறுபடி முதல் வரிசை. சத்தம் போட்டு அழுதேன். அழுகிற பிள்ளையிடம் யாராவது ஒருவர் என்னவென்று கேட்பார்கள் என்பது அதுவரை எனக்கு உலக வழக்கமாக இருந்தது. கடைசியில் ஒருத்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அம்மாவப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். தலைவரின் முகம் சிரித்தபடியே மெதுவாக இப்படியும் அப்படியும் ஆடியது. இல்லை என்று அர்த்தம். பயத்தில் முந்தானையை விட்டுவிட்டு ஓடி, மேடைக் கம்புக்கு அடியில் உட்கார்ந்துகொண்டேன்.

தலைவர் வந்து பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனார். முகமூடிகள் கழன்றதும் எல்லோரும் பழையபடி மனிதர்களாகிச் சத்தம் போட்டார்கள். அம்மா காலை இழுத்துக்கொண்டு வந்து என்னைத் தூக்கி நிறுத்தினாள். வேனில் வீடு சேரும்வரை வலிக்க வலிக்க என் கையைப் பிடித்திருந்தாள். திங்கட்கிழமை வகுப்பில் டீச்சர், தலைவரைப் பார்த்தாயா, எப்படி இருந்தார் என்று கேட்டார். "நெறைய பேரா இருந்தாரு டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது.

இரண்டு வருடம் கழித்துப் பட்டா வந்தது. நான் வேலைக்குப் போனபின் அதில் இரண்டு அறை வைத்துக் கட்டினோம். அந்தத் திடல் இப்போது இல்லை. செம்மண் கொட்டி மேடாக்கி, கல் நட்டு மனையாகப் பிரித்துவிட்டார்கள். சுகுணா அக்கா செத்துப்போனாள். இன்னொன்றும் என்னிடமிருந்து போய்விட்டது: கூட்டத்தில் அம்மாவை வாய்விட்டுக் கூப்பிடும் பழக்கம். சந்தையிலோ பஸ் ஸ்டாண்டிலோ, கிட்டப் போய்த் தோளைத் தொடுவேனே தவிர, கூப்பிட வாய் வராது. அதை அம்மாவும் கவனித்திருக்கிறாள் என்று வெகுநாள் வரை எனக்குத் தெரியாது.

போன மாதம் பிரசார வண்டி ஒன்று எங்கள் தெருவில் போனது. பிள்ளைகள் முகமூடி வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே பேசினாள்.

"கூட்டத்துல என்ன நீ கூப்புடுறதே இல்ல. அன்னிக்கு மூணு தடவ என்னத் தாண்டிப் போன. கூப்புட்டுக்கினே போன. அப்பால வந்து என் முந்தானியப் புடிச்ச. இல்லன்னு தலயாட்டுனது நான்தான்."

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது. இத்தனை வயதில், அந்தத் திடலில் அழுதது போலவே அழுகையும் வந்தது. இனி இவள் முகத்தில் விழிப்பதில்லை என்று எழுந்து விறுவிறுவென்று வெளியே நடந்தேன். வாசற்படி வரைக்கும்தான் போக முடிந்தது. இந்தப் படிக்காகத்தான் அவள் அன்று தலையை ஆட்டினாள்.