பாதியில் போனவள்

ஆடுவதைவிட, ஆடி முடித்தபின் கணக்குப் பார்ப்பதில்தான் எனக்கு ருசி அதிகம். கைத்தொலைபேசியில் ஐந்து பேர் அணியாகச் சேர்ந்து எதிரணியின் கோட்டையைப் பிடிக்கும் விளையாட்டு அது. ஆட்டம் முடிந்ததும் நான் நேரே போவது, எல்லோருடைய வண்டவாளத்தையும் திரட்டி வைத்திருக்கும் இணையத்தளத்துக்கு. யார் எத்தனை பேரை வீழ்த்தினார், விழுந்து கிடந்த கூட்டாளியை யார் தூக்கிவிட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். வீழ்த்துவதில் நான் சுமார். தூக்கிவிடுவதில் எங்கள் அணியில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அணிக்கு எங்கள் ஊர் புங்குடுதீவின் பெயர்தான். ஆனால் ஊரில் இருந்துகொண்டு ஆடும் ஒரே ஆள் நான். மற்றவர்கள் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் பிள்ளைகள். இரண்டொருவர் ஊரைக் கண்ணாலும் கண்டதில்லை. தலைவன் என் சித்தியின் மகன், ரொறன்ரோவில் பிறந்தவன். வெளிநாட்டு ஊர்ச்சங்கங்கள் உதைபந்தாட்டம் வைத்தது போதாதென்று இப்போது இதற்கும் போட்டி வைக்கின்றன. ஊருக்கு ஓர் அணி. அதில் ஆட எனக்குக் கொள்ளை ஆசை. முப்பது தாண்டிய முன்பள்ளி ஆசிரியை இதற்கெல்லாம் ஏங்குவதா என்று கேட்டால், ஓம், ஏங்கினேன்.

தலைவன் என்னைச் சேர்க்கவில்லை.

"அக்கா, கோவியாதேங்கோ. உங்கட பேருக்கு நேர சிவப்பு விழுந்திருக்கு. பாதியில விட்டிட்டுப் போற ஆளை வச்சு விளையாட ஏலாது."

அந்தத் தளத்தில் அப்படியும் ஒரு கணக்கு. நடுவில் எழுந்து போனவர், ஆட்டம் முடிவதற்குள் திரும்பாவிட்டால் ஓடிப்போனவர் என்று சிவப்பில் பதிந்துவிடும்.

"தண்ணி வந்தது தம்பி. அதுதான் போனனான்."

"தண்ணியோ? பைப்பில எந்த நேரமும் வரும்தானே அக்கா?"

நக்கலில்லை, உண்மையாகவே கேட்டான். எங்கள் ஒழுங்கையில் கிணறெல்லாம் உவர். குடிதண்ணீர் பவுசரில், அதாவது தாங்கி பூட்டிய லொறியில் வரும்; எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. ஹோர்ன் கேட்டதும் தண்ணீர்க் கான்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தவறவிட்டால் அடுத்த பவுசர் வரும்வரை அயலட்டையில் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊரைவிட்டுப் போனவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் பச்சை, ஊரிலேயே கிடக்கிற எனக்குச் சிவப்பு! வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். போனவர்கள் என்ன, பொழுதுபோகாமலா போனார்கள்? பவுசர் விஷயத்தை மட்டும் விளக்கினேன். முழுவதையும் கேட்டான். பிறகு, எல்லோருக்கும் ஒரே விதிதான் என்று சொல்லி என்னை மேலதிக ஆளாகப் போட்டான். நியாயமான பிள்ளை. அதனால்தான் இன்னும் எரிச்சல்.

இறுதி ஆட்டத்தன்று லண்டன் பிள்ளைக்குக் காய்ச்சல். இடம் எனக்கு வந்தது. தலைவனுக்கு விடியற்காலை, எனக்குப் பின்னேரம். எதிரே நெடுந்தீவு அணி. அவர்களுடைய கோட்டைக் கதவை உடைக்கத் தொடங்கியிருந்தோம். அப்போது பார்த்து ஒழுங்கை முகப்பில் ஹோர்ன் கேட்டது.

நான் எழும்பவில்லை. கான்கள் வெறுமையாகக் கிடந்தன. அம்மா மருந்து விழுங்குவதற்கு ஒரு செம்புத் தண்ணீர்தான் மிச்சம். ஆனால் இந்தமுறையும் போனால் இனி ஒருநாளும் என்னைச் சேர்க்கமாட்டான். ஹோர்ன் மறுபடியும் அடித்தது.

"அக்கா, அது பவுசரோ?" தலைவனின் குரல் காதுக்குள் கேட்டது.

"ஓம்."

"ஓடுங்கோ. நாங்கள் நிக்கிறம்."

ஓடினேன். கான்களை நிரப்பி இழுத்துக்கொண்டு வந்து, ஈரக்கையோடு தொலைபேசியை எடுத்தேன். ஆட்டம் இன்னும் முடிந்திருக்கவில்லை. எனக்கு முதலில் விளங்கவில்லை. கோட்டைக் கதவு உடைந்து திறந்து கிடந்தது. உள்ளே போயிருந்தால் எப்போதோ வென்றிருப்பார்கள். ஆனால் ஆட்டம் முடிந்தால் எனக்குச் சிவப்பு விழும். அதனால் ஒருவரும் உள்ளே போகாமல், வாசலிலேயே நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் விழுந்துவிட்டார்கள். நான் தூக்கிவிடப் போவதற்குள் தலைவனும் விழுந்தான்.

அடுத்த கணம் நானும் விழுந்தேன். தோற்றோம். தளத்தில் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி, தோல்வி என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னாலதான் தம்பி," என்றேன்.

"அது கிடக்கட்டும். தண்ணி பிடிச்சிட்டியளோ அக்கா?"