மாடி ஜன்னலில் ஆடிய தூளி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். நீங்களும் சிரித்துக்கொண்டே கேளுங்கள், பரவாயில்லை.

கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் விளையாட்டுக்கு வீடு, கடையெல்லாம் செய்து தருவது என் பிழைப்பு. தீபாவளிக்கு வந்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பிய என் அக்கா வீட்டுக்காரர், "மாப்ள, நம்ம வலங்கைமான் தெருவச் செஞ்சு குடுடா, தினம் வேலை முடிஞ்சு வீட்டுக்கு பஸ் ஓட்டிட்டு வரேன்" என்றார். அத்தான் கேட்டு மறுக்க முடியுமா, செய்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் பகலுக்கு ஒரு படம், ராத்திரிக்கு ஒரு படம். ராத்திரிப் படம் முழுக்கக் கறுப்பு. விளக்கு எரிய வேண்டிய ஜன்னலுக்கு மட்டும் மஞ்சள் பூசினால், விளையாட்டில் இருட்டியதும் தானாக எரியும். அக்கா வீட்டு மாடியறையில் நெல்மூட்டைதான் கிடந்தது, பல்புகூட இல்லை. அந்த ஜன்னலைக் கறுப்பாகவே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், விளையாட்டில் இருட்டிய நேரம், அத்தான் தன் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தினார். வீடியோ காலில் நானும் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அவர் முகம் சுருங்கியது.

"ஏன்டா, மாடி ஜன்னல்ல தூளி ஆடுது? வெறுந் தூளிய ஆட்டக்கூடாதுன்னு தெரியாது? எங்க கஷ்டம் உனக்கு விளையாட்டாப் போச்சா?"

பல வருடமாகக் குழந்தைக்கு ஏங்குகிறவர்கள். "சத்தியமா நான் வைக்கல அத்தான்!" என்று என் கம்ப்யூட்டரில் அதே தெருவைத் திறந்தால், நம்பினால் நம்புங்கள், ஜன்னல் மஞ்சளாக எரிகிறது, அதில் தூளியின் நிழல் ஆடுகிறது. நான் வரைந்தது அசையாத படம், அது எப்படி ஆடும்? வரைந்த படத்தைத் தனியாகத் திறந்தேன், ஜன்னல் கன்னங்கரேலென்று இருந்தது.

அத்தான் போனை வைக்கப் போனார். அக்கா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அவனத் திட்டாதீங்க. நாள் தள்ளிப் போயிருக்குங்க. காலைலதான் டெஸ்ட் பண்ணேன். டாக்டர்ட்ட காட்டிட்டு உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது பாருங்கள், விட்டால் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும், அப்படி அடிக்கிறார் மனுஷன். அக்கா அழுதாள், சிரித்தாள். அதற்குள் அந்த ஜன்னல் அணைந்திருந்தது.

இப்போது அக்கா மகள் தவழ்கிறாள். மூட்டைகளைக் கீழே இறக்கி, பல்பு போட்டு, அந்த மாடியறையில்தான் தூளி கட்டியிருக்கிறோம். அத்தானும் லீவில் வந்திருக்கிறார். வீடு கலகலவென்று இருக்கிறது.

நேற்று சும்மா அந்தத் தெருவைத் திறந்து பார்த்தேன். மாடி ஜன்னல் மறுபடி எரிகிறது. உள்ளே ரெண்டு தூளி ஆடுகிறது. அக்காவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.