டமாரம் அண்ணனின் சனிக்கிழமைகள்

வீட்டில் அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் ஊருக்குள் அவருக்கு டமாரம் என்று பெயர். சனிக்கிழமை சாயங்காலம் வானொலியில் ஆட்டப் பாட்டு நிகழ்ச்சியை ஆரம்பிக்கும்போது, "எழுந்திருங்கப்பா, இது உட்கார்ந்து கேட்கிற பாட்டு இல்ல!" என்று அவர் போடும் சத்தத்தில், சலூனில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். முதலில் யாரோ ஒரு பஸ் டிரைவர் போன் பண்ணி, "டமாரம் அண்ணே, அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடுங்க" என்றாராம். அதுவே ஒட்டிக்கொண்டது.

அவர் வானொலியில் சேர்ந்தது பேசுவதற்காக அல்ல. இசைத்தட்டு அறையில் தட்டுகளைத் தூசி தட்டி எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வந்ததும் அதனதன் இடத்தில் செருகுவதும்தான் வேலை. அப்போது புதுசு புதுசாகத் தட்டுகள் வந்தன. இயந்திரம் அடிக்கும் தாளம், தெருப் பையன்கள் மூச்சு விடாமல் பேசியே பாடும் பாட்டு. அறிவிப்பாளர்கள் யாரும் அந்தப் பக்கமே கை வைக்கவில்லை. "தகர டப்பாவை மாடிப்படியில உருட்டி விட்ட மாதிரி இருக்கு" என்றார்கள். இவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதிகாரி வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "யாராவது போய் எதையாவது பேசுங்கப்பா, மானம் போகுது!" பக்கத்தில் வேறு யாரும் இல்லாததால் இவர் போனார். கண்ணாடி அறை, மைக், எதிரே வெறும் சுவர். சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கிருந்துதான் வந்ததோ, மடை திறந்த மாதிரி பேச்சு கொட்டியது. கையோடு கொண்டுபோன தகர டப்பாப் பாட்டுகளையே போட்டார். அன்று டெலிபோன் மணி ஓயவில்லை.

பிறகு அந்த நேரம் அவருடையதாகிவிட்டது. தையல் கடை, மெக்கானிக் பட்டறை, வாடகைக் கார், பெண்கள் விடுதி எல்லா இடத்திலும் அந்தக் குரல்தான். அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகள் குளியலறை எதிரொலியில் பாடிப் பதிவு செய்த கேசட்டுகளை வானொலி நிலைய வாசலில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒன்று விடாமல் கேட்பார். நன்றாக இருந்தால் போடுவார். அவர்களில் சிலர் பெரிய ஆளாகி, சுவரொட்டியில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார்கள். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்துக்கொள்வார். ஊரே ஆடும் அந்த நேரத்தில் அவர் மட்டும் கண்ணாடி அறையில் இருந்தார். அவர் ஆடியதே இல்லை.

அவர் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தவள். குரலைக் கேட்டு ஆசைப்பட்டுத்தான் கட்டிக்கொண்டாள். "ரேடியோவுல பேசுற ஆளு எப்ப வீட்டுக்கு வருவாரு?" என்று புதிதில் கேலியாகக் கேட்பாள். அவரும் சிரிப்பார். சில வருஷம் கழித்து அதையே கேட்டபோது அவள் குரலில் கேலி இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி வேறு வீடு பார்த்துப் போனாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அவர்களுடைய குளிர்சாதனப் பெட்டியை மாடியிலிருந்து முதுகு கொடுத்து இறக்கி வைத்ததே இவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். அவள் வளவளவென்று பேசுவாள். இவர் ஐஸ்கிரீம் உருகாமல் பார்த்துக்கொள்வார்.

மகள் பள்ளிப் படிப்பை முடித்த வருஷம் அவருடைய இடது காதில் ஒரு விசில் சத்தம் ஆரம்பித்தது. காலமெல்லாம் ஹெட்போனில் முழுச் சத்தம் வைத்துக் கேட்டதன் பலன். கொஞ்ச நாளில் விசிலும் நின்றுபோய், பஞ்சு அடைத்தது போல ஆகிவிட்டது. காது கேட்காதவனுக்கு ரேடியோவில் என்ன வேலை என்று அனுப்பிவிடுவார்களே என்ற பயம். சவுண்ட் இன்ஜினியரிடம் மட்டும் சொன்னார்.

"விடுங்கண்ணே. இடது பக்கத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார் அவர்.

மற்றவர்களுக்காக இவர் ஒரு புன்னகையும் தலையாட்டலும் தயாராக வைத்திருந்தார். இடது பக்கம் யார் என்ன சொன்னாலும் அதுதான் பதில். பல வருஷம் அது செல்லுபடியானது.

மகள் கட்டட வரைபடம் போடும் வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்தவனையே கட்டிக்கொண்டாள். கல்யாண விருந்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம்.

"அப்பா, பாட்டுப் போட வேற ஆளைச் சொல்லியாச்சு. நீங்க அன்னைக்கு லீவு போட்டுட்டு, சும்மா அப்பாவா மட்டும் வாங்க, போதும்."

சும்மா அப்பாவாக எப்படி இருப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மாப்பிள்ளையின் சித்தப்பாவும் மாமாக்களும் சூழ்ந்துகொண்டார்கள். "எங்க, அந்த 'எழுந்திருங்கப்பா'வை ஒரு தடவை சொல்லுங்க!" சொன்னார். நோட்டீஸ் படிப்பது போல வந்தது. அவர்கள் மரியாதைக்குச் சிரித்துவிட்டு ஜூஸ் மேசைப் பக்கம் நழுவினார்கள். அவர் ஒரு தூண் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஆட்டம் களைகட்டியிருந்த நேரத்தில் மகள் வந்தாள். அவருடைய இடது தோளைத் தொட்டுக் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் புன்னகைத்து, இரண்டு தடவை தலையாட்டினார். அவள் முகம் மலர்ந்து அரங்கின் நடுவுக்கு ஓடினாள். பாட்டு மாறியது. அவர்தான் முதன்முதலில் வானொலியில் போட்ட பழைய பாட்டு அது. எல்லோரும் விலகி வட்டமாக நின்றார்கள். நடுவில் மகள் ஒற்றையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து இவர் உட்கார்ந்தபடியே சந்தோஷமாகக் கை தட்டினார். அவள் கை நீண்டபடியே இருந்தது. கடைசியில் மாப்பிள்ளை போய் அந்தக் கையைப் பிடித்தான்.

இரண்டு நாள் கழித்து மனைவி அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பிரிந்துபோன பிறகு அந்தப் படி ஏறாதவள்.

"அவ கூப்பிட்டும் ஏன் போகல?"

"எங்க?"

"எங்கயா? 'இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் என்கூட ஆடுறீங்களாப்பா'ன்னு கேட்டாளே! சரின்னு தலையாட்டிட்டு, வேடிக்கை பார்த்துக் கை தட்டிட்டு இருந்தா எப்படி? அத்தனை பேர் முன்னாடி பிள்ளை எப்படிக் கூனிக் குறுகிப் போனா தெரியுமா?"

அவர் நாற்காலியைத் திருப்பி, வலது காது அவள் பக்கம் வரும்படி உட்கார்ந்தார். அவள் அதைப் பார்த்தாள்.

"எவ்வளவு காலமா இப்படி?"

"அவ ஸ்கூல் முடிச்சதுல இருந்து."

"யாருக்குத் தெரியும்?"

"சவுண்ட் இன்ஜினியருக்கு."

"அந்த ஆள்கிட்டச் சொல்ல வாய் வந்துச்சாக்கும்" என்றாள். கோபம் போய் வெறும் அலுப்புதான் அதில் மிச்சம் இருந்தது. "என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவகிட்டப் போய்ச் சொல்லுங்க."

மறுநாளே போனார். மகள் விருந்தாளிக்குக் கேட்பது போல, "டீ குடிக்கிறீங்களா?" என்றாள். கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் சொன்னார். "இடது காது கேட்காதும்மா. அன்னைக்கு நீ சொன்னது என் காதுல விழல."

"கேட்கலைன்னா 'என்னம்மா'ன்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே."

"பழக்கமில்ல."

"அப்ப சின்ன வயசுல பார்க்ல நான் பேசுனதெல்லாம்?"

"அதெல்லாம் கேட்டுச்சு. ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு. பதில்தான் வரல."

"ரேடியோல மட்டும் எப்படிப்பா அவ்வளவு வந்துச்சு?"

அவர் யோசித்தார். "அங்க எதிர்ல யாரும் இல்லையே."

அவள் காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் குழாய் ரொம்ப நேரம் ஓடியது. வெளியே வந்தபோது கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. வாசல்வரை அவருக்கு வலது பக்கமாகவே நடந்து வந்தாள்.

வானொலியிலும் அவரே வாய்விட்டுச் சொன்னார். யாரும் அவரை உடனே அனுப்பவில்லை. ஆனால் கொஞ்ச காலத்தில் பாட்டுகளைக் கம்ப்யூட்டரே கோத்துப் போட்டது, இடையில் பேசவும் ஆள் தேவைப்படவில்லை. கடைசி நிகழ்ச்சியில் அவர் வழக்கம்போலக் கத்தினார், வழக்கம்போல முடித்தார். விளக்கு அணைந்ததும் சவுண்ட் இன்ஜினியர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். அவ்வளவுதான் விழா.

மகள் அவ்வப்போது போனில் கூப்பிடுகிறாள். டாக்டரிடம் கூட்டிப்போய்க் காதுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தாள். அதைப் போட்டால் கரண்டி விழுவதுகூட இடி விழுவது போல இருக்கிறது என்று பாதி நாள் கழற்றி வைத்துவிடுகிறார். அந்த ஆட்டம் மட்டும் நடக்கவே இல்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. தானாகக் கேட்க அவருக்குத் துணிச்சலும் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்புக் கொள்ளாததால், தெருக்கோடியில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்குப் போகிறார். துவைக்க ஒரு சட்டைதான் இருந்தாலும் எடுத்துப் போவார். இயந்திரங்கள் சுற்றும், ஆட்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். போன வாரம் வலது பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "இது எப்பங்க நிக்கும்?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு அலசல் இருக்கும்மா" என்றார் இவர்.

அந்த அம்மா சரி என்று தலையசைத்துவிட்டுப் பையில் எதையோ தேடினார். இவர் தன் சட்டை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.